பெட்டிக்குள் காற்றுக்கு ஒரு வழி

மேஜைக் கம்ப்யூட்டர் சுவரிலிருந்து இழுத்துக்கொள்ளும் மின்சாரம் என்ன ஆகிறது என்று கேட்டால், கணக்குப் போடுவதிலும் படம் காட்டுவதிலும் செலவாகிறது என்றே பெரும்பாலோர் விடை சொல்வர். பௌதிக சாஸ்திரத்தின் விடை வேறு. கணக்கு நடப்பது மெய்தான். ஆனால் அந்தக் கணக்கை நடத்தி முடித்த மின்சாரம், ஏறக்குறைய ஒரு துளியும் மிச்சமின்றி உஷ்ணமாக மாறி, நடந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. பெட்டிக்குள் 300 வாட் மின்சாரம் போகுமானால் 300 வாட் உஷ்ணம் வெளியே வந்தாக வேண்டும். வராவிட்டால் உள்ளே இருப்பவை சூடேறிக்கொண்டே போகும். இந்த உஷ்ணத்தை அப்புறப்படுத்தும் பொறுப்பு, பெட்டியின் முன்னும் பின்னும் மேலும் கீழுமாகப் பொருத்தப்படும், உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய சில விசிறிகளைச் சேர்ந்தது. அவற்றை வாங்கும்போது விலையையும் வெளிச்சத்தையும் விசாரிக்கிறவர்கள், எந்த விசிறி எந்தத் திசையில் ஊத வேண்டும் என்பதை மட்டும் விசாரிப்பதில்லை.

ஒரு காலத்தில் இது பிரச்சினையாகவே இருக்கவில்லை. 1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, அதற்கு மின்சாரம் வழங்கும் பகுதி, நம் ஊர்க் கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்கிறார்களே அந்தப் பகுதி, மொத்தம் 63.5 வாட் சக்தி உடையதாகத்தான் இருந்தது. அதற்குள்ளேயே இருந்த ஒற்றை விசிறி பெட்டி முழுவதற்கும் போதுமானதாயிற்று. ப்ராஸசரின் தலைமேல் உலோகத் தகடோ விசிறியோ ஏதும் இல்லை. இன்றோ, இன்டெல் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட 13-ஆம் தலைமுறைப் ப்ராஸசர்களில் தலையாயது, முழு மூச்சில் உழைக்கும்போது 253 வாட் வரை எடுத்துக்கொள்ள அனுமதி பெற்றிருக்கிறது. அதே ஆண்டில் வந்த என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4090 என்ற கிராபிக்ஸ் கார்டு ஒன்றுக்கே 450 வாட். கடிதம் அடிக்கவும் வரவு செலவு எழுதவும் பயன்படும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. பின்புறம் ஒரு விசிறி சுழன்றால் அதற்குப் போதும். விளையாட்டுப் பிரியர்களும், வீடியோ எடிட்டிங் செய்பவர்களும், யந்திரத்தை மணிக்கணக்கில் முழுப் பாரத்தோடு ஓட்டுகிற பிறருமே இதில் சிரத்தை கொள்ள வேண்டியவர்கள்.

உஷ்ணம் மிஞ்சினால் உடனே புகை கிளம்பிவிடும் என்று எண்ண வேண்டியதில்லை. இக்காலத்துப் ப்ராஸசர்கள், வகைக்குத் தக்கபடி 95 அல்லது 100 டிகிரியைத் தொட்டவுடன், தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொண்டு உயிர் பிழைத்துக்கொள்கின்றன. இதனால் சேதம் தவிர்க்கப்படுகிறது. ஆனால் குறை கண்ணுக்குத் தெரியாமலும் போகிறது. நல்ல விலை கொடுத்து வாங்கிய யந்திரம் ஏன் பிற்பகலில் மந்தமாகிறது என்று சாஃப்ட்வேரைச் சந்தேகித்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிப் பார்ப்பவர் உண்டு. பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்திருந்தால், காரணம் ஒரு கணத்தில் தெரிந்திருக்கக்கூடும். மதர்போர்டிலும் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் உள்ள மின்தேக்கிகளில் ஒரு வகை, பத்து டிகிரி கூடுதல் உஷ்ணத்துக்குத் தன் ஆயுளில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும் என்பது மின் பொறியாளர்கள் வழக்கமாகக் கைக்கொள்ளும் கணக்கு. அந்த நஷ்டம் சில ஆண்டுகள் கழித்தே தெரிய வரும்.

இங்கே பலரும் தடுமாறும் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். ப்ராஸசரின் மேல் உட்கார்ந்திருக்கும் ஹீட் சிங்க் என்ற தகடுக் கூட்டமும் அதை ஒட்டிய விசிறியும், உஷ்ணத்தைச் செம்பிலிருந்தும் அலுமினியத்திலிருந்தும் பறித்துப் பக்கத்திலுள்ள காற்றில் சேர்க்கின்றனவே ஒழிய, அதை வெளியேற்றுவதில்லை. அந்தக் காற்று பெட்டிக்குள்ளேயே நின்றுவிடுமானால், அடுத்த சுற்றில் அதே விசிறி அதே சூடான காற்றையே மறுபடியும் உறிஞ்சித் தகடுகளின்மேல் ஊதிக்கொண்டிருக்கும். ஆகவே வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது: உலோகத்திலிருந்து காற்றுக்கு, பிறகு பெட்டியிலிருந்து அறைக்கு. முதற்கட்டத்துக்குப் பணத்தை வாரி இறைத்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறவர்களே அதிகம். நீர் சுற்றிவரும் லிக்விட் கூலர் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்ற எண்ணமும் சரியன்று. அந்த நீரும் ரேடியேட்டர் என்ற தகட்டுக்கு வந்து, காற்றிடம்தான் தன் உஷ்ணத்தை ஒப்படைக்கிறது.

இனி எவ்வளவு காற்று வேண்டும் என்று பார்ப்போம். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1,200 ஜூல் சக்தி செலவாகும். இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டே ஒருவாறு கணக்குப் போட்டுவிடலாம். 300 வாட் உஷ்ணத்தைக் கொண்டுபோகும் காற்று, உள்ளே வந்ததைவிடப் பத்து டிகிரி மட்டுமே சூடாகி வெளியேற வேண்டுமானால், விநாடிக்கு 25 லிட்டர் காற்று பெட்டியின் வழியே ஓட வேண்டும். இது பெரிய காரியமே அல்ல. ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனத்தார் செய்யும் என்.எஃப். ஏ12x25 என்ற 120 மில்லிமீட்டர் விசிறி, நிமிஷத்துக்கு 2,000 சுற்று வேகத்தில், தடையற்ற வெளியில் மணிக்கு 102 கன மீட்டர், அதாவது விநாடிக்கு 28 லிட்டர் காற்றைத் தள்ளுகிறது. தடையற்ற வெளியில் என்ற வார்த்தையை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முன்னே தூசு வடிகட்டி, அதற்கு முன்னே துளையிட்ட தகடு, பின்னே கேபிள் குவியல் என்று தடைகள் சேரும்போது, விசிறி வந்த அட்டைப்பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம்.

அதே கணக்கை இன்னும் சற்று நீட்டிப் பார்த்தால் ஓர் உண்மை வெளிப்படும். அதே 300 வாட்டுக்கு, காற்று விநாடிக்கு 12.5 லிட்டராக இருக்கும்போது சூடேற்றம் 20 டிகிரி; 25 லிட்டராக்கினால் 10; 50 ஆக்கினால் 5; 100 ஆக்கினால் இரண்டரை. முதல் இரட்டிப்பில் பத்து டிகிரி லாபம், இரண்டாவதில் ஐந்து, மூன்றாவதில் அதிலும் பாதி. ஒரு விசிறி இருந்த இடத்தில் இரண்டாவது விசிறி செய்யும் உபகாரத்தை ஏழாவது விசிறி ஒருநாளும் செய்யாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. எவ்வளவுதான் காற்று ஓடினாலும் பெட்டியின் உட்புறம் அறையைவிடக் குளிர்ந்துவிடவும் முடியாது. அக்கினி நட்சத்திரத்தில் அறை 36 டிகிரியில் இருக்குமானால், அந்த 36-க்கு மேல்தான் எல்லாக் கணக்கும் தொடங்குகிறது.

ஆயினும் நடைமுறையில், மூன்று விசிறிகள் உள்ள பெட்டி ஒன்று ஏழு விசிறிகள் உள்ள மற்றொன்றைவிடக் குளிர்ச்சியாக ஓடுவதைக் காணலாம். அதற்குக் காரணம், காற்று எவ்வளவு ஓடுகிறது என்பதோடு எவ்வழியாக ஓடுகிறது என்பதும் சேர்ந்ததே முழுக்கணக்கு என்பதுதான். ஆற்றுப் பாசனம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: வாய்க்காலின் தலைப்பிலேயே நண்டு வளை ஒன்று கரையைத் துளைத்திருக்குமானால், மதகில் எவ்வளவு தண்ணீர் திறந்தாலும் அது வளை வழியே வடிகாலில் விழுந்துகொண்டிருக்குமே தவிர, கடைமடை வயல் காய்ந்துதான் கிடக்கும். காற்றும் சுலபமான வழியையே தேடுகிறது. நுழைந்த துவாரத்துக்குப் பக்கத்திலேயே வெளியேறும் துவாரம் ஒன்று கிடைத்துவிட்டால், சூடான உறுப்புகளைச் சுற்றி வரவேண்டும் என்ற கட்டாயம் அதற்கு ஏதுமில்லை.

இந்த வழியைப் பற்றிய சிந்தனை கம்ப்யூட்டர் செய்பவர்களுக்கே எளிதில் வந்துவிடவில்லை. 1980-இல் வெளிவந்த ஆப்பிள் III யந்திரத்தில் விசிறியே கிடையாது. விசிறியின் சப்தம் கூடவே கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதம் பிடித்ததாகச் சொல்வார்கள். கனத்த அலுமினிய வார்ப்பினாலான அடிப்பாகம் உஷ்ணத்தை வாங்கி வெளியே விட்டுவிடும் என்பது நம்பிக்கை. உள்ளே நெருக்கியடித்து வைக்கப்பட்டிருந்த சில்லுகள் சூட்டில் விரிந்தும் ஆறிச் சுருங்கியும், தாம் பொருந்தியிருந்த குழிகளிலிருந்து மெல்ல மெல்லக் கழன்றுவர, யந்திரத்தைச் சில அங்குலம் தூக்கி மேஜைமேல் தொப்பென்று போட்டால் அவை மறுபடியும் உட்கார்ந்துகொள்ளும் என்று வாங்கியவர்களுக்கு யோசனை சொல்லப்பட்ட கதை, இத்துறையில் இன்றும் சிரிப்போடு நினைவுகூரப்படுகிறது. அந்த யந்திரத்துக்கு வேறு குறைகளும் இருந்தன. பழி முழுவதையும் விசிறியின்மேல் போடுவது நியாயமாகாது.

1995-இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற அமைப்பை வகுத்தது. இன்று நம் வீடுகளில் உள்ள பெட்டிகள் பெரும்பாலும் அதன் வாரிசுகளே. அதன் ஆரம்ப வடிவத்தில் எஸ்.எம்.பி.எஸ். விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுத்து, பக்கத்திலேயே இருக்கும் ப்ராஸசரின்மேல் நேராக ஊத வேண்டும் என்பது யோசனை. ப்ராஸசருக்குத் தனி விசிறி இல்லாமலே காரியம் முடிந்துவிடும் என்ற சிக்கனம் அதில் இருந்தது. காகிதத்தில் அழகாகத் தோன்றிய அந்த யோசனையில் ஒரு கோளாறு: எஸ்.எம்.பி.எஸ்.ஸின் குடலுக்குள் புகுந்து வந்த காற்று, ப்ராஸசரை அடைவதற்கு முன்பே சூடாகிவிடுகிறது. பிந்திய திருத்தங்களில் காற்று வெளியேறும் திசைக்கு மாற்றப்பட்டது. 2004-ஐ ஒட்டி, பென்டியம் 4 ப்ராஸசர்கள் 100 வாட்டைத் தாண்டத் தொடங்கிய சமயத்தில், அதே நிறுவனம் பி.டி.எக்ஸ். என்ற புதிய அமைப்பைக் கொண்டுவந்தது. பெட்டியின் முன் வாயிலை ஒட்டியே ஒரு குழலும் பெரிய விசிறியும். அதன் நேர் எதிரே ப்ராஸசர். அதைத் தாண்டிய அதே காற்றோட்டம் பின்னாலுள்ள மற்ற உறுப்புகளையும் தழுவிக்கொண்டு வெளியேறும். காற்றின் வழியை முதலில் வரைந்துகொண்டு, பிறகு உறுப்புகளை அதன் கரையில் அமர்த்திய அமைப்பு அது. என் அபிப்பிராயத்தில் இதுவரை வந்தவற்றில் மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு அதுவே. ஆயினும் 65 வாட்டிலேயே சிறப்பாக வேலை செய்யும் கோர் 2 வகைகள் 2006-இல் வந்தவுடன் அவசரம் தணிந்துபோயிற்று. உற்பத்தியாளர்களும் பழைய அச்சுகளை விட்டுவர மனமில்லாதவர்களாக இருந்தார்கள். இன்டெல் அதைக் கைவிட்டுவிட்டது.

2003-இல் வந்த ஆப்பிளின் பவர் மேக் ஜி5 யந்திரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அலுமினியப் பெட்டியின் உட்புறத்தை நான்கு தனி மண்டலங்களாகப் பிரித்து, ஒன்பது விசிறிகளை அவற்றுக்குப் பங்கிட்டு, ஒவ்வொரு மண்டலத்தின் சூட்டுக்கும் தக்கபடி அதனதன் விசிறி மட்டும் வேகம் கூடும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். முன்னிருந்து பின்னாக நேரே ஓடும் காற்று பக்கவாட்டில் சிதறாமலிருக்க, கதவுக்கு உட்புறம் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றும் இருந்தது. ஒன்பது விசிறிகள் அங்கே பொருத்தமாக இருந்தது, ஒவ்வொன்றுக்கும் உரிய வழி வகுக்கப்பட்டிருந்ததால்தான்.

நம் வீட்டுக் கேபினெட்டுக்கு வருவோம். முன்புறத்தில் இரண்டு விசிறிகள் உள்ளே இழுக்க, பின்புறம் ப்ராஸசரின் உயரத்தில் ஒன்று வெளியே தள்ள வேண்டும் என்பது பரம்பரையாக வந்த ஏற்பாடு. அதை மிஞ்சிய ஏற்பாடு சாமானியருக்குத் தேவைப்படுவதும் அபூர்வம். முன்னே நுழையும் குளிர்ந்த காற்றில் ஒரு பகுதி கிராபிக்ஸ் கார்டின் அடியிலும், மற்றொரு பகுதி ப்ராஸசரின் தகடுகளுக்கிடையிலும் புகுந்து, பின்வாசல் வழியே போய்விடுகிறது. ப்ராஸசர் கூலரின் விசிறியும் அதே திசையில், அதாவது பின்புற விசிறியை நோக்கி ஊதும்படி இருக்க வேண்டும். அது எதிர்த்திசையில் திரும்பியிருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்று, நடுவில் உஷ்ணம் தேங்கும்.

விசிறி எந்தப் பக்கம் ஊதுகிறது என்று அறிவது எப்படி? நடுவிலுள்ள மோட்டாரைத் தாங்கும் மூன்று அல்லது நான்கு கைகள் சட்டத்தின் ஒரு முகத்தில் மட்டும் தெரியும். வழக்கமான விசிறிகளில் காற்று வெளிவருவது அந்தக் கைகள் உள்ள முகத்தின் வழியே. சில விசிறிகளின் சட்ட ஓரத்தில் அம்புக்குறிகளும் பொறிக்கப்பட்டிருக்கும்: ஒன்று சுழலும் திசைக்கு, மற்றொன்று காற்றின் திசைக்கு. கண்ணாடி வழியே அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இதழ்களைப் புரட்டி அமைத்த விசிறிகளும் இப்போது விற்கின்றன. அவற்றில் கைகளை நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். அப்போது அம்புக்குறியைத்தான் பார்க்க வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டுதான் இக்காலத்துப் பெட்டிகளில் மிகப் பெரிய உஷ்ண உற்பத்தியாளர். பழைய பாணிக் கார்டுகளில் ஒரு வகை, ஒரு பக்கத்து உருளை விசிறியினால் காற்றை உறிஞ்சி, கார்டின் நீளம் முழுவதும் ஓடவிட்டு, பெட்டியின் பின்புறத் துவாரம் வழியே நேராக வெளியே தள்ளிவிடும். சப்தம் அதிகம், ஆனால் அண்டை வீட்டாருக்குத் தொல்லையில்லை. இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை இரண்டு மூன்று விசிறிகள் கொண்ட திறந்த வகை. அவை தம் உஷ்ணத்தைப் பெட்டிக்குள்ளேயே நாலாபக்கமும் இறைக்கின்றன. அதற்கு மேலே குடியிருக்கும் ப்ராஸசர் அந்தச் சூட்டையே சுவாசிக்க நேர்கிறது. இத்தகைய கார்டு உள்ளவர்களுக்குப் பெட்டியின் அடிப்பாகத்தில் உள்ளே இழுக்கும் விசிறி ஒன்று வைக்க வசதி இருக்குமானால், அது மேலே வைக்கும் எந்த விசிறியையும்விட அதிகப் பிரயோஜனம் தரும். குளிர்ந்த காற்று வேறெதையும் தொடாமல் நேரே கார்டின் வாயில் போய் விழுகிறது. பெட்டிக்குக் கால்கள் உயரமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அடியில் எஸ்.எம்.பி.எஸ். உள்ள பெட்டிகளில் அதன் விசிறி கீழ்நோக்கியிருப்பதே முறை. பெட்டியைக் கம்பளத்தின்மேல் வைப்பவர்கள் அதை மேல்நோக்கித் திருப்பிக்கொள்ளட்டும்.

மேல் தட்டில் விசிறி வைக்கலாமா என்பதுதான் நீண்ட நாளாக விவாதத்துக்குரிய கேள்வி. மேல் தட்டின் பின்பகுதியில், ப்ராஸசருக்கு நேர் மேலே, வெளியே தள்ளும் விசிறி ஒன்று இருப்பது நல்லதே. முன்பகுதியில் வைப்பதுதான் தொல்லை. முன்வாசலில் நுழைந்த காற்று, நான்கு விரற்கடை தூரம் நடப்பதற்குள் தலைக்கு மேலே திறந்த வழியைக் கண்டு, ப்ராஸசரின் முகத்தையே பாராமல் மேலேறிப் போய்விடுகிறது. முதலில் சொன்ன நண்டு வளை இதுதான். மூன்று விசிறிக்கு இடம் இருக்கிறதே என்று மூன்றையும் நிரப்புகிறவர்கள், முன்னோடியாக நிற்கும் அந்த ஒன்றைக் கழற்றிப் பார்த்தால், ப்ராஸசரின் சூடு குறைவதைக்கூடக் காண நேரலாம்.

சூடான காற்று மேலே எழும்பும் அல்லவா, ஆகையால் மேல் தட்டில் வெளியேற்றுவதே இயற்கை நியதிக்கு ஒத்தது என்று வாதிப்பவர்கள் உண்டு. நியதி மெய், அதன் பலத்தைத்தான் அவர்கள் அளந்து பார்க்கவில்லை. 45 சென்டிமீட்டர் உயரமுள்ள பெட்டியில், வெளியைவிடப் பத்து டிகிரி சூடான காற்று நிரம்பியிருந்தால், அது மேலே எழும்புவதற்குக் கிடைக்கும் அழுத்தம், நீர் மட்டக் கணக்கில், ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. முன் சொன்ன நாக்டுவா விசிறி தரக்கூடிய உச்ச அழுத்தமோ 2.34 மில்லிமீட்டர், நூறு மடங்குக்கும் மேல். விசிறிகள் சுழலத் தொடங்கிவிட்ட பெட்டிக்குள், உஷ்ணம் எழும்பும் என்ற நியதி இருந்தும் இல்லாததுபோலத்தான். விசிறி ஏதுமற்ற யந்திரங்களில் அதன் மதிப்பே வேறு. தைவானின் சில்வர்ஸ்டோன் நிறுவனத்தார் மதர்போர்டை 90 டிகிரி திருப்பி நிறுத்தி, அடியில் 180 மில்லிமீட்டர் விசிறிகள் மூன்றை வைத்துக் கீழிருந்து மேலாகக் காற்றை ஓட்டிய ஃபோர்ட்ரஸ் எஃப்.டி.02 என்ற பெட்டி நல்ல பெயர் பெற்றது உண்மை. அந்தப் பெயருக்குக் காரணம் நேரான, தடையற்ற, குறுகிய வழியும், விசிறிகளின் பெரிய பரிமாணமுமே என்று கருதுகிறேன். அதே வழியைப் படுக்கையாகப் போட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திராது.

தூசு நம் நாட்டில் அலட்சியம் செய்யக்கூடிய விஷயமல்ல. உள்ளே இழுக்கும் காற்று வெளியே தள்ளும் காற்றைவிட மிகுந்திருந்தால், பெட்டியின் உள் அழுத்தம் இம்மியளவு கூடி, மிகுதிக் காற்று இண்டு இடுக்குகள் வழியே தானே வெளியே கசியும். தூசு நுழைய வேண்டுமானால் வடிகட்டியுள்ள வாசல் வழியாகத்தான் நுழைய முடியும். வெளியே தள்ளுவது மிகுந்திருந்தாலோ, பெட்டி காற்றுக்கு ஏங்கி, டிவிடி டிரைவின் இடுக்கு, யு.எஸ்.பி. துவாரம், பின்புறத் தகடுகளின் விரிசல் என்று எங்கெங்கிருந்தோ வடிகட்டாத காற்றை இழுத்துக்கொள்ளும்; சில மாதங்களில் அந்த இடுக்குகளின் ஓரமெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு படிந்திருப்பதைக் காணலாம். குளிர்ச்சியை மட்டும் கருதினால் இரண்டுக்கும் பெரிய பேதமில்லை. தார்ச்சாலை ஓரத்து வீட்டிலோ, கட்டட வேலை நடக்கும் தெருவிலோ வசிப்பவர்களுக்கு முதல் வகையே சிலாக்கியம். விசிறிகளின் எண்ணிக்கையை வைத்து மட்டும் இதை நிர்ணயித்துவிட முடியாது. வடிகட்டிக்குப் பின்னால் மூச்சுத் திணறும் இரண்டு முன் விசிறிகளைத் தடையற்ற ஒரு பின் விசிறி சமன்செய்துவிடலாம்.

கடைக்குப் போனால் முதலில் காட்டப்படுவது, முன்புறம் முழுவதும் கண்ணாடி பதித்து, உள்ளே வானவில்லாக ஒளிரும் விசிறிகள் வரிசையாக நிற்கும் பெட்டி. கண்ணாடிக்குள் காற்று புகாது என்பதைச் சொல்லத் தேவையில்லை; ஓரங்களில் விட்டிருக்கும் விரலளவு இடைவெளியே அந்த விசிறிகள் மூன்றுக்கும் உயிர். பக்கவாட்டிலிருந்தும் அடியிலிருந்தும் காற்று வாங்கும்படி அமைத்த அகன்ற கண்ணாடிப் பெட்டிகள் வேறு ரகம். அவற்றில் வழி இருக்கிறது. முன்புறம் வலைபோன்ற தகடு கொண்ட சாதாரணப் பெட்டி ஒன்றையும், ஒளிராத விசிறிகள் மூன்றையும் வாங்கி, மிஞ்சிய பணத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவதே விவேகம் என்பேன். அலங்காரப் பிரியர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

சப்தத்தைப் பற்றிய கணக்கு சுவாரசியமானது. விசிறியின் வேகத்தை இரட்டித்தால் தள்ளும் காற்றும் இரட்டிக்கும். அழுத்தம் நான்கு மடங்காகும். அதற்குச் செலவாகும் சக்தி எட்டு மடங்காகும். சப்தமோ ஏறத்தாழ 15 டெசிபல் உயரும். ஒரேமாதிரியான இரண்டு விசிறிகளை ஒரே வேகத்தில் ஓட்டினால் சப்தம் உயர்வது வெறும் 3 டெசிபல்தான். ஆகவே ஒரு விசிறியை முழு வேகத்தில் அலறவிடுவதற்குப் பதிலாக, இரண்டை அரை வேகத்தில் ஓட்டினால், தடை குறைந்த பெட்டியில் ஏறக்குறைய அதே அளவு காற்று 12 டெசிபல் குறைந்த சப்தத்தோடு கிடைக்கும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதியாகத் தோன்றும் என்பார்கள். 120 மில்லிமீட்டர் இடத்தில் 140 மில்லிமீட்டர் விசிறி பொருந்துமானால் அதுவும் இதே காரணத்தால் நல்லது. பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. நான்கு கம்பி இணைப்புள்ள விசிறிகளின் வேகத்தை மதர்போர்டு தானே கட்டுப்படுத்தும். பயாஸ் திரையில் எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்று வரைந்துவைக்க இடமுண்டு. அந்தக் கோட்டைச் செங்குத்தாக வரையாமல் மெதுவாக ஏறும்படி வரைந்தால், ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் விசிறி பெருமூச்சு விட்டு அடங்கும் தொல்லை இராது.

எல்லாம் பொருத்தியான பிறகு காற்று உண்மையில் எவ்வழியே போகிறது என்று எப்படிப் பார்ப்பது? ஓர் ஊதுபத்தி போதும். கதவை மூடி, யந்திரத்துக்கு நல்ல வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டு, பத்தியைச் சாம்பல் உள்ளே விழாதபடி ஒவ்வொரு துவாரத்தின் அருகிலும் சற்று எட்டவே பிடித்தால், புகை உள்ளே இழுக்கப்படுகிறதா வெளியே தள்ளப்படுகிறதா என்பது தெரிந்துவிடும். பின்புறம் வெளியேறும் காற்று மேஜையின் அடியிலோ சுவரிலோ முட்டிச் சுற்றி வந்து முன்வாசலில் மறுபடி நுழைவதையும் புகை காட்டிக்கொடுக்கும். கம்ப்யூட்டர் மேஜைகளில் பெட்டிக்கென்று கதவோடு கூடிய அறை ஒன்று செய்து வைத்திருப்பார்களே, அதில் நடப்பது பெரும்பாலும் இதுதான். மேஜை செய்தவருக்குப் பெட்டி கண்ணில் படாமலிருக்க வேண்டும் என்ற ஒரே நோக்கம். அந்த அறையின் பின்பலகையை முழுவதும் எடுத்துவிடுவதும், கதவைத் திறந்தே வைப்பதும், இன்னொரு விசிறி வாங்குவதைவிட அதிகப் பயன் தரும். சுவருக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு சாண் இடம் இருக்கட்டும்.

வடிகட்டிகளை மாதம் ஒருமுறையாவது கழற்றிப் பார்க்க வேண்டும். நைலான் வலையாக இருந்தால் குழாய்த் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாக உலர்த்திய பின் பொருத்தலாம். உட்புறத் தூசுக்கு ப்ளோயர் உபயோகிப்பவர்கள், யந்திரத்தை அணைத்து மின்சாரக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, விசிறியின் இதழை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும். அடிக்கும் காற்றில் அது தன் வரம்பை மீறிச் சுழலவிட்டால் உள்ளிருக்கும் பேரிங் கெட்டுப்போகும். அதோடு, சுழலும் மோட்டார் தானே மின்சாரம் உண்டாக்கி மதர்போர்டுக்குள் அனுப்பவும் இடமுண்டு. ஹீட் சிங்கின் தகடுகளுக்குள் ஊதும்போது, விசிறி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஊதினால், அடைந்திருக்கும் பஞ்சு வந்த வழியே திரும்பி வந்துவிடும்.